மகளுக்கு முழங்கை முறிவு, கம்பி வைக்கணும் என்கிறார்கள். மாவுக்கட்டு மட்டும் போட்டால் ஆகாதா?

செம்பூர்_அப்பா | ஜூலை 9, இரவு 10:52

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஆறு வயது. சாயங்காலம் மழை விட்ட கையோடு சொசைட்டி கார்டனுக்கு ஓடினாள், மங்கி பாரில் தொங்கினாள், கம்பி ஈரம், வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வரும்போதே முழங்கை பந்து மாதிரி வீங்கி, கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இங்கே மும்பையில், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஆர்த்தோ டாக்டர் "சுப்ராகாண்டிலர், அதாவது முழங்கைக்குச் சற்று மேலே முறிவு, டைப் 3, மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி கம்பி வைக்கணும், காலை 7 மணிக்கு முதல் கேஸ்" என்று சொல்லிவிட்டு, அரைகுறையாக மடக்கி ஒரு ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் வைக்கிற பாதி மாவுக்கட்டு) கட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். அவசரம் என்றால் இப்போதே செய்ய வேண்டியதுதானே? அவசரம் இல்லை என்றால் ஆபரேஷன் எதற்கு? கும்பகோணத்திலிருந்து அப்பா போன் மேல் போன். "சின்னக் குழந்தை எலும்பு, தானே ஒட்டிக்கும், கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வா" என்கிறார். ஒப்புதல் படிவம் கையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

முலுண்ட்_சேகர் | இரவு 11:03

கையெழுத்துப் போடாதீங்க சார். இன்சூரன்ஸ் இருக்கா என்று முதலில் கேட்டிருப்பார்களே? கேஷ்லெஸ் என்றாலே கம்பிதான். எங்கள் காலத்தில் யாருக்குக் கம்பி வைத்தார்கள்? இங்கேயே எலும்பு கட்டுகிற நாட்டு வைத்தியர்கள், ஹாட்வைத்யர்கள் இருக்கிறார்கள், பத்தே நாளில் கை நேராகும்.

தாராவி_அண்ணாச்சி | இரவு 11:15

சேகர் தம்பி, அந்தக் காலத்தில் யாருக்குக் கம்பி வைத்தார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு வைக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம், ஏழு வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்தேன். மூங்கில் பட்டை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, ஒரு மாதம் கட்டு. ஒட்டியது, இல்லை என்று சொல்லவில்லை. எப்படி ஒட்டியது என்றால், வலது கையை நீட்டினால் முழங்கையில் திரும்பி உடம்பைப் பார்க்க உள்ளே வளையும். மூட்டை தூக்குவேன், சட்டி சுமப்பேன், எல்லாம் செய்வேன். ஆனால் டெய்லர் இன்றைக்கும் இரண்டு கையையும் தனித்தனியாகத்தான் அளவெடுக்கிறார். கல்யாண போட்டோவில் பாருங்கள், ஒரு கை மாலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பெண் குழந்தை என்கிறீர்கள், யோசியுங்கள்.

எலும்புப்_பட்டறை | இரவு 11:31

செம்பூர் சார், நான் இங்கே மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆர்த்தோ படிக்கிற ரெசிடென்ட். மதுரைக்காரன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லுங்கள். விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக, சூடாக இருக்கின்றனவா? மணிக்கட்டில் நாடி இருப்பதாக டாக்டர் சொன்னாரா? கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள்?

அப்புறம் குழந்தையோடு ஒரு விளையாட்டு. ஸ்லாப்புக்கு வெளியே விரல் தெரிகிறதல்லவா, ராக் பேப்பர் சிசர்ஸ் போடச் சொல்லுங்கள். கல், காகிதம், கத்தரி. கடைசியாகக் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டமாக ஒரு வளையம். நாலும் வருகிறதா என்று பார்த்து, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல் மீடியன் நரம்பு, காகிதம் ரேடியல், கத்தரி அல்நார், வளையம் மீடியனிலிருந்து பிரிகிற ஒரு கிளை. ஆறு வயதுப் பிள்ளையிடம் நரம்பு பரிசோதனை என்று சொன்னால் அழும், இது என்றால் வலியோடும் போட்டுக் காட்டும்.

செம்பூர்_அப்பா | இரவு 11:44

நாடி இருக்கிறது என்று சொன்னார், விரல் சூடாக இருக்கிறது. நாலும் போட்டுக் காட்டினாள், கத்தரி கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. வீடியோ எடுத்துவிட்டேன். சாப்பாடு... வரும் வழியில் அழுகையை நிறுத்த என் மனைவி பாலும் நாலு பிஸ்கட்டும் கொடுத்தாள், எட்டே கால் இருக்கும்.

எலும்புப்_பட்டறை | ஜூலை 10, அதிகாலை 12:20

சரி, அப்படியென்றால் பாதி பதில் அந்தப் பிஸ்கட்டில் இருக்கிறது. திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம் கழித்துத்தான் மயக்க மருந்து கொடுப்பார்கள், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். வயிறு நிறைய மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். ஆக இரண்டே கால் மணிக்கு முன் செய்ய முடியாது. அந்நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆட்களை வைத்துச் செய்வதைவிட, காலையில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே திரையில் எக்ஸ்ரே காட்டுகிற இயந்திரம்) ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனும் குழந்தை மயக்க மருந்து பழகியவரும் இருக்கும்போது செய்வது நல்லது. நாடி இருந்து, விரல் சூடாக இருந்து, நரம்பு வேலை செய்தால் காலை வரை காத்திருக்கலாம். கை வெளுத்துக் குளிர்ந்து நாடி இல்லாமல் இருந்தால் கதை வேறு, அது ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாத கேஸ். உங்களுக்கு அது இல்லை.

இப்போது மாவுக்கட்டு ஏன் போதாது என்பது. எனக்கும் இது முதல் வருடத்தில் புரியவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மேற்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கைக்குச் சற்று மேலே, முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு குழி இருக்கிறது. கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் முன்கை எலும்பின் மூக்கு போய் உட்காருகிற இடம். இரண்டு குழிக்கும் நடுவில் எலும்பு அப்பளக் கனம்தான், இரண்டு ஓரத்திலும் மட்டும் தூண் மாதிரி கொஞ்சம் தடிமன். கையை ஊன்றி விழும்போது முழங்கை நீளும், பின்னாலிருந்து அந்த மூக்கு முட்டுக்கொடுக்கும், அப்பளம் உடையும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் இது அதிகம்.

முருங்கைக்காயை ஒடித்துப் பாருங்கள். லேசாகக் கீறல் விட்டால் டைப் 1, அதற்கு மாவுக்கட்டு போதும். முன்பக்கம் திறந்து பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் டைப் 2, அதில் கொஞ்சம் விவாதம் உண்டு, பலர் கம்பி வைப்பார்கள். இரண்டு துண்டும் விலகி, ஓரத்தில் நார் (எலும்பைப் போர்த்தியிருக்கிற உறை) மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் டைப் 3. 1959-இல் கார்ட்லண்ட் என்பவர் பிரித்த கணக்கு, இன்றைக்கும் அதுதான்.

டைப் 3-ஐ நேராக்கி மாவுக்கட்டில் நிறுத்த வேண்டுமானால் முழங்கையை 90 டிகிரிக்கும் மேல் நன்றாக மடக்கிக் கட்ட வேண்டும், அப்போதுதான் பின்பக்க நார் இறுகித் துண்டைப் பிடிக்கும். ஆனால் வீங்கிய முழங்கையை அப்படி மடக்கினால் முன்னால் ஓடுகிற ரத்தக்குழாய் நசுங்கும். ரத்தம் போகாமல் முன்கைத் தசை செத்து, விரல்கள் பருந்து நகம் மாதிரி மடங்கிப் போவதை ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்திருக்கிறார், அதிலும் அவர் குற்றம் சொன்னது இறுக்கமான கட்டைத்தான். சரி என்று மடக்காமல் தளர்த்தி வைத்தால் எலும்பு நழுவும், அண்ணாச்சி கை மாதிரி வளைந்து ஒட்டும். மடக்கினாலும் ஆபத்து, நீட்டினாலும் ஆபத்து. கம்பி வைத்துவிட்டால் எலும்பைக் கம்பி பார்த்துக்கொள்ளும், கையை வசதியாக 50, 60 டிகிரியில் வைக்கலாம், ரத்தக்குழாய்க்கு நிம்மதி. கம்பி வைப்பதே இதற்காகத்தான். எலும்பு ஒட்டுவதற்காக அல்ல, அது கம்பி இல்லாமலும் மூன்று வாரத்தில் ஒட்டும்.

தானே_டாக்டர் | காலை 5:40

முப்பது வருடமாக இதே வேலை. நான் தானேயில் இருப்பவன், ஆனால் இந்த முறிவு தானே சரியாகாது.

தாத்தா சொல்வது பாதி உண்மை. குழந்தை எலும்பு வளர வளர வளைவைத் திருத்திக்கொள்ளும், மணிக்கட்டிலும் தோள்பட்டையிலும் நான் அதிசயங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கமிருந்து வருகிறது, முழங்கைப் பக்கம் வெறும் 20. திருத்த ஆள் போதாது. பக்கவாட்டுச் சாய்வும் திருகலும் அப்படியே நிற்கும். கையெழுத்துப் போடுங்கள்.

தோலைக் கிழித்துத் திறப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வெளியிலிருந்தே இழுத்து, விலகலைத் தள்ளி, மடக்கி, சி-ஆர்ம் திரையில் பார்த்துக்கொண்டே தோல் வழியாகக் கம்பி ஏற்றுவோம். 1.6 மில்லிமீட்டர் கே-வயர், குழந்தை கொஞ்சம் பெரியது என்றால் 2. வழுவழுப்பான கம்பி, எலும்பு வளர்கிற இடமான வளர்தட்டைத் தாண்டிப் போனாலும் சில வாரத்தில் எடுத்துவிடுவதால் வளர்ச்சி கெடுவதில்லை.

செம்பூர்_அப்பா | காலை 6:15

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை.

மாட்டுங்கா_மாமி | காலை 6:50

முருகன் பார்த்துப்பான். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், இல்லாவிட்டால் நானே காபி கொண்டு வந்திருப்பேன்.

செம்பூர்_அப்பா | காலை 10:25

வெளியே வந்துவிட்டாள். அரை மணி நேரம் என்றார்கள், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, செத்துப் பிழைத்தேன். டாக்டர் சொன்னது: மயக்கம் கொடுத்து இழுத்துப் பார்த்தபோது இது டைப் 3 இல்லை, டைப் 4 என்று தெரிந்ததாம். மடக்கினால் துண்டு முன்னால் ஓடுகிறது, நீட்டினால் பின்னால் ஓடுகிறது. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கம்பி வைத்தும் அசைந்ததால் உட்பக்கத்திலிருந்து மூன்றாவது வைத்தாராம். டைப் 4 என்று நேற்று யாரும் சொல்லவே இல்லையே?

எலும்புப்_பட்டறை | காலை 11:10

நேற்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. முருங்கைக்காயின் நார் சுற்றிலும் அறுந்துபோனதுதான் டைப் 4. எக்ஸ்ரேயில் நார் தெரியாது, மயக்கத்தில் அசைத்துப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். 2006-இல்தான் இதற்குத் தனி எண்ணே கொடுத்தார்கள். வழக்கமாக மடக்கி நார் இறுகும்போது துண்டு நிற்கும், அதைப் பிடிமானமாக வைத்துக் கம்பி ஏற்றுவோம். இதில் பிடிமானமே இல்லை, வாளியில் மிதக்கிற தேங்காய் மாதிரி. அதனால் முதலில் கீழ்த்துண்டில் மட்டும் கம்பியைக் குத்தி நிறுத்திக்கொண்டு, ஒரு பக்கம் நேராக்கி, பிறகு பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் கையைத் திருப்பாமல் சி-ஆர்ம் இயந்திரத்தையே திருப்பிப் பார்ப்பார்கள். கையைத் திருப்பினால் துண்டு கழன்றுவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது ஆச்சரியமில்லை, தோலைத் திறக்காமல் முடித்ததே பெரிது.

இப்படி நிற்காத முறிவுக்கு வெளியே சட்டம் மாட்டிப் பிடிக்கிற முறையும், மேலிருந்து வளைகிற நீளக் கம்பிகளை உள்ளே இறக்குகிற முறையும்கூட உண்டு. இங்கே நாங்கள் பெரும்பாலும் கே-வயரிலேயே முடித்துவிடுகிறோம்.

இன்று ராத்திரி ஒரே ஒரு விஷயம். வலி குறைந்துகொண்டே வர வேண்டும். கூடினால் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், தயங்காதீர்கள்.

செம்பூர்_அப்பா | ஜூலை 11, அதிகாலை 2:05

தூங்கவில்லை. பத்து மணிக்கு வலி மருந்து கொடுத்தார்கள், பன்னிரண்டுக்குத் திரும்பக் கேட்டாள், இப்போது கத்துகிறாள். நர்ஸ் "குழந்தைங்க அப்படித்தான்" என்கிறார்.

எலும்புப்_பட்டறை | அதிகாலை 2:09

நைட் டியூட்டியில்தான் இருக்கிறேன். அவள் விரலை மெதுவாக நீங்கள் நிமிர்த்துங்கள். முன்கையில் வலி என்று அலறுகிறாளா? அலறினாலும் அலறாவிட்டாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். "கட்டைத் தோல் வரைக்கும் பிரித்துப் பாருங்கள்" என்று இந்த வார்த்தையையே சொல்லுங்கள். குழந்தை நிம்மதியில்லாமல் புரள்வது, பயந்து பதறுவது, வலி மருந்து மேலும் மேலும் கேட்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் முன்கையில் அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் ஓடுவோம். நாடி இருக்கிறது என்று சொல்லி யாராவது சமாதானம் செய்தால் ஏற்காதீர்கள், நாடி கடைசியில்தான் போகும்.

செம்பூர்_அப்பா | அதிகாலை 3:20

டாக்டர் வந்தார். பஞ்சு ரத்தத்தில் ஊறிக் காய்ந்து பலகை மாதிரி இறுகியிருந்தது. முழுசும் வெட்டித் திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் அழுகை நின்று, இதோ தூங்குகிறாள். முன்கை மெத்தென்றுதான் இருக்கிறது, பயமில்லை, காலை வரை மணிக்கொரு முறை பார்ப்போம் என்றார். தம்பி, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எலும்புப்_பட்டறை | அதிகாலை 3:24

கையைத் தலையணை மேல் வையுங்கள். தூங்குங்கள்.

செம்பூர்_அப்பா | ஜூலை 11, காலை 9:40

இன்னொரு பிரச்சினை. விளையாட்டுப் போட்டோம். கல் வருகிறது, காகிதம் வருகிறது, வளையம் வருகிறது. கத்தரி வரவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயிருக்கிறது என்கிறாள். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் முந்தாநாள் வீடியோவைக் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "அப்போது வேலை செய்திருக்கிறது, அப்படியானால் நான் வைத்த உள்பக்கக் கம்பிதான் நரம்பைத் தொந்தரவு செய்கிறது" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

முலுண்ட்_சேகர் | காலை 9:52

பார்த்தீர்களா? சொன்னேனே! கேஸ் போடுங்கள். வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார், சாட்சி வேறு இருக்கிறது.

தானே_டாக்டர் | காலை 10:30

சேகர் அவர்களே, பொறுங்கள். முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் இது. உட்பக்கத்து மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடுகிறது. உள்பக்கக் கம்பி அந்த மேட்டில்தான் ஏறியாக வேண்டும். சில குழந்தைகளுக்குக் கையை மடக்கும்போது நரம்பு பள்ளத்தை விட்டு மேட்டின் மேலேயே ஏறி நிற்கும், வீக்கத்தில் அது கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. அதனால்தான் வெளிப்பக்கக் கம்பிகளை முதலில் வைத்துவிட்டு, கையைக் கொஞ்சம் நீட்டி, ஒரு சிறு கீறல் போட்டு எலும்பைக் கண்ணால் பார்த்து உள்பக்கக் கம்பியை ஏற்ற வேண்டும் என்பது என் பழக்கம். அப்படியும் எனக்கு இரண்டு பேருக்கு மரத்துப்போயிருக்கிறது. அறிந்த ஆபத்து இது, அலட்சியம் என்று உடனே சொல்லிவிட முடியாது. தப்பை மறைத்து "சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்புகிறவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

என் கருத்து: கம்பியை இன்றே எடுக்க வேண்டும்.

எலும்புப்_பட்டறை | காலை 11:05

சார், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் யூனிட்டில் பெரும்பாலும் விட்டுவிடுவோம். நரம்பைக் கம்பி குத்தியிருப்பதைவிட, பக்கத்துத் திசுவை இழுத்து நெருக்கியிருப்பதுதான் அதிகம், மூன்று நான்கு வாரத்தில் கம்பி எடுத்ததும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இவளுடையதோ டைப் 4. அந்தக் கம்பியை எடுத்து எலும்பு நழுவினால், ஒரு பிரச்சினைக்கு இரண்டாகும். உள்ளும் வெளியுமாகக் குறுக்காக வைக்கிற கம்பிதான் திருகலைத் தாங்குவதில் பலம்.

தானே_டாக்டர் | காலை 11:20

தம்பி, குறுக்குக் கம்பி பலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிப்பக்கத்திலிருந்து மூன்று கம்பியை, முறிவுக் கோட்டில் ஒன்றுக்கொன்று நன்றாக அகன்று நிற்கிற மாதிரி விரித்து வைத்தால் டைப் 4-உம் நிற்கும். நெருக்கி வைத்தால்தான் திருகும். உங்கள் வயதில் நானும் குறுக்குக் கட்சிதான். நரம்பு திரும்பும் என்பது சரி, திரும்பாத ஒன்றிரண்டு பேரின் கையில் குழி விழுந்த தசையை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. நேற்றுச் செய்த கேஸ், இன்னும் தளர்வு இருக்கிறது, இன்றைக்கு மாற்றுவது சுலபம். பத்து நாள் கழித்து மாற்ற முடியாது.

எலும்புப்_பட்டறை | காலை 11:24

இது நியாயம்.

செம்பூர்_அப்பா | இரவு 8:15

எங்கள் டாக்டரும் அதையேதான் முடிவு செய்திருந்தார். மதியம் மறுபடி மயக்கம், உள்பக்கக் கம்பியை எடுத்துவிட்டு வெளியிலிருந்து மூன்றாவது வைத்தார். அசைத்துப் பார்த்தேன், நிற்கிறது என்றார். இரண்டாவது முறைக்குப் பணம் வாங்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. கத்தரி இன்னும் வரவில்லை. கோபம் இருக்கிறதா என்று என் மனைவி கேட்கிறாள். இருக்கிறது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை, மழை மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாஷி_மீனா | ஜூலை 14, மாலை 6:30

இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும். முழங்கையில் கம்பி வேண்டாம் என்று சொன்னால் சந்தோஷப்படுகிறோம், அதுவும் எப்போதும் சரி இல்லை. என் தம்பிக்கு நாலு வயதில் வெளிப்பக்க மேடு உடைந்தது, "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு" என்று ஓர் இடத்தில் கட்டி அனுப்பிவிட்டார்கள். ஒட்டவே இல்லை. வளர வளர கை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, இப்போது 29 வயது, சுண்டு விரல் மரத்துப்போகிறது, பேனா பிடித்தால் நழுவுகிறது.

எலும்புப்_பட்டறை | ஜூலை 14, இரவு 9:10

அக்கா, அது லேட்டரல் காண்டைல் முறிவு, குழந்தைகள் முழங்கையில் அடுத்து அதிகம் வருவது. குழந்தை முழங்கை எக்ஸ்ரே எங்களுக்கே தலைவலி, ஏனென்றால் பாதி முழங்கை இன்னும் குருத்தெலும்பு, படத்தில் விழாது. எலும்பாக மாறுகிற புள்ளிகள் ஆறு, ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதில் ஒவ்வொன்றாக முளைக்கும். நாலு வயதில் உடைந்த துண்டு படத்தில் அவரை விதை அளவுதான் தெரியும், உண்மையில் அது பெரியது, மூட்டுக்குள்ளேயே போகிற பிளவு. 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கம்பி வேண்டும், விலகாவிட்டாலும் ஒரு வாரத்தில் திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கையைச் சாய்த்து இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தம்பிக்கு இப்போது நரம்பை இடம் மாற்றி வைக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

செம்பூர்_அப்பா | ஆகஸ்ட் 7, மதியம் 1:30

இன்று நாலு வாரம். கம்பி எடுத்தாகிவிட்டது. ஓபிடியிலேயே, மயக்க மருந்து இல்லாமல். கம்பி நுனிகள் தோலுக்கு வெளியே வளைந்து நின்றன, கட்டைப் பிரித்ததும் அவளைவிட நான்தான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிளையர் மாதிரி ஒன்றால் பிடித்து இழுத்தார், மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். கம்பிகளைக் கழுவி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வாங்கி வந்திருக்கிறாள், சொசைட்டி முழுக்கக் காட்டியாகிவிட்டது.

ஆனால் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. பாதியில் நிற்கிறது. அம்மா கும்பகோணத்திலிருந்து தைலப் பாட்டிலோடு வந்து இறங்கியிருக்கிறாள்.

தானே_டாக்டர் | மாலை 4:00

தைலத்தை உங்கள் முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். குழந்தை முழங்கையைத் தொடக் கூடாது. அழுத்தித் தேய்த்து, இழுத்து மடக்கினால் தசைக்குள் எலும்பு வளர்கிற ஆபத்து உண்டு, அப்புறம் நிரந்தரமாகவே மடங்காது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிசியோகூட வேண்டாம். அந்தக் கையால் பிசைந்து சாப்பிடட்டும், குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றட்டும், தலை சீவட்டும். வலிக்கிற இடத்தில் அவளே நிறுத்திக்கொள்வாள். சில மாதம் ஆகும், கடைசிப் பத்து டிகிரிக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

மாட்டுங்கா_மாமி | மாலை 4:25

இடது கையால் பிசைந்து சாப்பிடுவதா டாக்டர்?

தானே_டாக்டர் | மாலை 4:31

சரி மாமி, இடது கையால் சப்பாத்தி மாவு பிசையட்டும்.

செம்பூர்_அப்பா | அக்டோபர் 2, காலை 11:00

கத்தரி வந்துவிட்டது. பன்னிரண்டு வாரம். முதலில் மரத்துப்போனது போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள், அப்புறம் போன வாரம் இரண்டு விரலும் மெதுவாக விரிந்தன, இன்று என்னை மூன்று முறை தோற்கடித்தாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி கண்ணாடி முன் நிற்க வைத்துப் பார்த்தேன், சாய்வு ஒரே மாதிரி இருக்கிறது. அப்பாவிடம் இப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேனே, குழந்தை எலும்பு ஒட்டிக்கும்னு" என்றார்.

தாராவி_அண்ணாச்சி | காலை 11:40

பிள்ளைக்கு ஒரு பெரிய ஐஸ்கிரீம், என் கணக்கில்.

பாண்டுப்_குமார் | ஜனவரி 14, மாலை 6:48

பொங்கல் நாளும் அதுவுமாக இந்த இழையைத் தேடிக் கண்டுபிடித்தேன். பையனுக்கு எட்டு வயது, மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் படியிலிருந்து விழுந்துவிட்டான். முழங்கை வீங்கியிருக்கிறது. ரிக்ஷாவில் இருக்கிறோம். என்ன செய்ய?

செம்பூர்_அப்பா | மாலை 6:50

இழுக்காதீர்கள், மடக்காதீர்கள், எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நோட்டுப் புத்தகத்தையோ அட்டையையோ கீழே கொடுத்துத் துண்டால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். விரல் சூடாக இருக்கிறதா? கல், காகிதம், கத்தரி, வளையம் போடச் சொல்லி வீடியோ எடுங்கள்.

பாண்டுப்_குமார் | மாலை 6:57

சூடாக இருக்கிறது. மூன்றும் வந்தது. வளையம் மட்டும் வரவில்லை, நுனிகள் வளையாமல் கோழி மூக்கு மாதிரி தட்டையாக ஒட்டுகின்றன. மதியம் இரண்டு மணிக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டான், ஐந்து மணிக்கு ஒரு துண்டு கரும்பு. கரும்பும் கணக்கா?

எலும்புப்_பட்டறை | மாலை 7:01

கரும்பும் கணக்குத்தான், மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வளையம் வராதது இந்த முறிவில் அதிகம் அடிபடுகிற நரம்புக் கிளை, அநேகமாகச் சில மாதத்தில் திரும்பிவிடும். ஆனால் கம்பி வைப்பதற்கு முன்னாலேயே வரவில்லை என்பதை கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள், சி-ஆர்ம் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டீர்களா?